நாலு ரூம் கூடுதலாகக் கட்டலாமா?

கேள்வி: நானும் கணவரும் கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் ஒன்பது ரூம் கொண்ட காட்டேஜ் நடத்துகிறோம். இடம் சொந்தம். போன நிதியாண்டில் மொத்தம் 1,250 ரூம் விற்றிருக்கிறது (ஒரு ரூம் ஓர் இரவு போனால் ஒன்று என்ற கணக்கில்). அதில் ஏப்ரல், மே, ஜூனில் மட்டும் 560. சீசனில் சராசரி வாடகை 2,900 ரூபாய், மற்ற மாதங்களில் 1,700. சுமார் 55 சதவீதம் பேர் ஆன்லைன் ஆப் வழியாக வருகிறார்கள். மூன்று பேர் சம்பளம், பழைய கடனுக்கு 21,000 தவணை, கரண்ட், ரிப்பேர் எல்லாம் சேர்த்து மாதம் 95,000 போகிறது. பின்னால் உள்ள காலி இடத்தில் நாலு ரூம் கட்டலாம் என்கிறான் தம்பி. 28 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்று வங்கியில் பேசியும் விட்டான். ஆனால் எங்கள் சங்கக் கூட்டத்தில், வரும் வருஷம் தொழில் நன்றாகப் போகும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது தூக்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே வாரம் பேப்பரில், சுற்றுலாத் தொழில் செய்வோரிடம் நம்பிக்கை கூடியிருப்பதாக ஒரு கணக்கெடுப்புச் செய்தி. யாரை நம்புவது? இன்னொன்று, போன வருஷம் ஒன்பது ரூமும் நிரம்பிய நாட்களை எண்ணினேன், 34 வந்தது. அன்றெல்லாம் சராசரி 3,600 ரூபாய்க்கு விட்டோம். அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் நான் தூக்குவதா, வேண்டாமா?

வாசகி, கொடைக்கானல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு நாலு ரூம் வேண்டாம். தொழில் படுத்துவிட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் காட்டேஜ் நஷ்டத்தில் ஓடவில்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே 34 நாள், அந்த எண்தான் காரணம். பேப்பர் செய்தியையும் சங்கத்தையும் விட அது அதிகம் பேசுகிறது. அதற்கு வருமுன் அந்த இரண்டையும் எப்படிப் படிப்பது என்று பார்த்துவிடுவோம்.

‘நம்பிக்கைக் குறியீடு’ என்று பேப்பரில் வருவது பெரும்பாலும் எளிய கழித்தல்தான். நூறு பேரைக் கேட்கிறார்கள். 50 பேர் ‘முன்னைவிட நன்றாக இருக்கும்’, 30 பேர் ‘அப்படியேதான்’, 20 பேர் ‘மோசமாகும்’ என்றால் 50-இல் 20 போக, நிகரம் +30. ரிசர்வ் வங்கி தொழில் துறையினரிடமும் சேவைத் துறையினரிடமும் நடத்தும் கணக்கெடுப்புகளில் இப்படித்தான் செய்கிறார்கள். ஐ.நா. சுற்றுலா அமைப்பின் குறியீடு 0 முதல் 200 வரை போகும். 100 என்றால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இந்த எண்கள் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லாது. ஒரு ரூம் கூடுதலாக விற்கும் என்று நினைப்பவரும், இரண்டு மடங்கு விற்கும் என்று நினைப்பவரும் அதில் ஒரே ஓட்டுதான்.

‘முன்னைவிட’ என்ற சொல்லிலும் ஒரு வில்லங்கம் உண்டு. எதை விட? இலங்கைக்கு 2018-இல் 23.3 லட்சம் பயணிகள் வந்தார்கள். ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா எல்லாம் கடந்து 2021-இல் அது 1.94 லட்சமாகச் சுருங்கியது. 2022-இல் 7.2 லட்சம். அந்த வருஷம் அங்கே ஒரு விடுதிக்காரரிடம் ‘போன வருஷத்தை விட எப்படி?’ என்று கேட்டிருந்தால், பெட்ரோலுக்கு வரிசையில் நின்றுகொண்டே ‘மூன்று மடங்குக்கு மேல்’ என்று உண்மையைத்தான் சொல்லியிருப்பார். 2018-இன் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை என்பதும் அதே அளவு உண்மை. ஆகவே இனி இப்படிச் செய்தி பார்த்தால் மூன்று விஷயம் தேடுங்கள். எந்த மாதம் கேட்டார்கள், எதோடு ஒப்பிடச் சொன்னார்கள், பதில் சொன்னவர்கள் யார். நட்சத்திர ஓட்டல்களும் பெரிய டூர் கம்பெனிகளும் சொன்ன பதில் ஒன்பது ரூம் காட்டேஜுக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை.

சங்கத்தின் கை எண்ணிக்கையையும் அதே கண்ணோடு பாருங்கள். ரூம் நிரம்பிக் கிடக்கும் ஆள் கூட்டத்துக்கு வர மாட்டார், அவருக்கு நேரம் இருக்காது. வந்தவர்களிலும் டாக்சிக்காரர், ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவர், சாக்லேட் கடைக்காரர், லாட்ஜ்காரர் எல்லாரும் ஒரே கேள்விக்குக் கை தூக்குகிறார்கள். காலையில் வந்து மாலையில் இறங்கிவிடும் கூட்டம் குறைந்தால் கடைக்காரருக்கு அடி; உங்களுக்கு அவ்வளவாக இல்லை. பக்கத்தில் பத்துப் பேர் பார்க்கும்போது ‘எனக்கு நல்லா ஓடுது’ என்று கை தூக்க யாருக்கும் துணிச்சல் வராது என்பது வேறு. வரிக்காரன் காதில் விழுந்துவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

மாதமும் முக்கியம். ஜூன் முதல் வாரத்தில் கொடைக்கானலில் யாரைக் கேட்டாலும் தெம்பாகப் பேசுவார்கள். அதே ஆளை நவம்பர் மழையில் கேட்டால் காட்டேஜை விற்கப் பேசுவார். உங்கள் எண்களைப் பிரித்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

மாதச் செலவு 95,000 என்கிறீர்கள். அதில் உங்களுக்கும் கணவருக்கும் சம்பளம் இல்லை. நீங்கள் இருவரும் இல்லாவிட்டால் ஒரு மேனேஜர் வைக்க வேண்டும், ஆகவே 30,000 சேர்த்து 1,25,000 என்று வைத்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு 15 லட்சம். இது ஆள் வந்தாலும் வராவிட்டாலும் போகும் பணம். ஒரு ரூம் ஓர் இரவு போனால் மட்டும் ஆகும் செலவு தனி. துணி துவைக்க 120, சோப்பு, டீத்தூள் வகையறா 60, வெந்நீருக்கு 130, இரண்டு பேர் காலை டிபன் 160 என்று எடுத்தால் 470 ரூபாய். இந்த நான்கும் என் உத்தேசம். உங்கள் பில்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆப் கமிஷன் அடுத்தது. 20 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் உண்மையில் போவது 23.6 சதவீதம், ஏனென்றால் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விருந்தினருக்கு லாபம்: 3,600 ரூபாய் ரூமுக்கு முன்பு 4,032 கட்டியவர் இப்போது 3,780 கட்டுகிறார். ஆனால் அதோடு உள்ளீட்டு வரிக் கழிவும், அதாவது நீங்கள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதியும், போய்விட்டது. கமிஷன் மேல் கட்டும் ஜிஎஸ்டி, மெத்தை, கீசர் வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டி எல்லாம் இப்போது உங்கள் கைச்செலவு. ‘வரி குறைஞ்சுது, நமக்கு மிச்சம்’ என்று நினைத்த பலர் மார்ச் கணக்கு முடிக்கும்போது விழிப்பது இங்கேதான்.

உங்கள் விற்பனையில் 55 சதவீதம் ஆப் என்பதால், எல்லா ரூமுக்கும் பரப்பிப் போட்டால் கமிஷன் சுமார் 13 சதவீதம். சீசனில் 2,900-இல் 470-உம் கமிஷன் 377-உம் போக ஒரு ரூமுக்கு 2,050 ரூபாய் நிற்கிறது. மற்ற மாதங்களில் 1,700-இல் சுமார் 1,010. சீசனின் 560 ரூமில் பதினொன்றரை லட்சம். அந்த மூன்று மாத நிலையான செலவு 3.75 லட்சம் போக 7.75 லட்சம் கையில் இருக்கும். மிச்ச ஒன்பது மாதம் மாதத்துக்கு 77 ரூம்தான் போகிறது. அதில் நிற்பது 78,000 ரூபாய்க்குள், செலவோ 1,25,000. ஒன்பது மாதத்தில் நாலேகால் லட்சம் கரைகிறது. கடைசியில் வருஷ மிச்சம் மூன்றரை லட்சம்.

மூன்று மாதம் சம்பாதித்து ஒன்பது மாதம் சாப்பிடும் தொழில் இது. ஆஃப் சீசனில் மாதம் 124 ரூம் போனால்தான் அந்த மாதம் தன் காலில் நிற்கும், உங்களுக்கு 77. மே மாதம் மட்டும் 215 ரூம் போயிருக்கும் என்று வைத்தால், ஒரு மே போய்விட்டால் போவது 4.4 லட்சம். வருஷ மிச்சத்தை விட அதிகம். 2020, 2021 என்று அடுத்தடுத்து இரண்டு சீசன் போனதை நீங்கள் பார்த்தவர்தான்.

இப்போது தம்பியின் நாலு ரூம். 28 லட்சம், 11 சதவீதம், 84 மாதம் என்றால் தவணை 47,950 ரூபாய் அளவில் வரும். வருஷத்துக்கு 5.75 லட்சம். ரூம் சுத்தம் செய்ய இன்னொரு ஆள், கரண்ட், ரிப்பேர் என்று மாதம் 19,000 சேர்த்தால் கூடுதல் சுமை ஆண்டுக்கு 8 லட்சம். வங்கியில் கொடுக்கும் திட்ட அறிக்கையில் இதற்கு நேராக ‘நாலு ரூம், 40 சதவீதம் நிரம்பும்’ என்று ஒரு வரி இருக்கும். 584 ரூம், ஒன்றுக்கு 1,480 ரூபாய் நிற்கும், 8.6 லட்சம், லாபம் என்று தாளில் அழகாக முடியும்.

தவறு அந்த ஒரு வரியில் இருக்கிறது. உங்கள் ஒன்பது ரூம் இப்போது நிரம்புவது 38 சதவீதம். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று ரூம்தான் போயிருக்கிறது, ஆறு சும்மா கிடக்கிறது என்றால், பத்தாவது ரூம் கட்டியதால் நாலாவது ஆள் வந்துவிட மாட்டார். புது ரூமில் ஆளை விட்டால் பழைய ரூம் ஒன்று காலியாகும், அவ்வளவுதான். புது ரூம் புதுப் பணம் கொண்டுவருவது ஒன்பதும் நிரம்பிய இரவில் மட்டும். உங்களுக்கு அது 34 இரவு. அந்த 34-லும் நாலு புது ரூமும் முழுக்கப் போனால் 136 ரூம். அன்றைய வாடகை 3,600-இல் செலவும் கமிஷனும் போக 2,660 நிற்கும். மொத்தம் 3.6 லட்சம். சுமை 8 லட்சம். வருஷத்துக்கு நாலரை லட்சம் பள்ளம், உங்கள் இப்போதைய மிச்சம் மூன்றரை லட்சத்தையும் விழுங்கிவிட்டு மேலும் கேட்கும்.

அந்த 34 நாள் எவை என்றும் பாருங்கள். ஏப்ரல், மே சனிக்கிழமைகள், பொங்கல், தீபாவளி, ஆண்டுக் கடைசி. வண்டி எண்ணிக்கைக் கட்டுப்பாடு கடிப்பதும் அதில் ஏப்ரல், மே நாட்களில்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பு வந்தது. நீலகிரிக்கு 6,000, 8,000. அங்கே வியாபாரிகள் ஏப்ரல் 2 அன்று கடையடைப்பே நடத்தினார்கள். வரும் ஆண்டுகளில் எண் கூடலாம், குறையலாம். எப்படியானாலும் சனிக்கிழமைக் கூட்டம் இஷ்டத்துக்கு வளரும் என்று வைத்து ரூம் கட்டுவது, மூடி போட்ட பாத்திரத்தில் மேலும் ஊற்றுவது போல. வளர இடம் இருப்பது வார நாட்களிலும் ஆஃப் சீசனிலும். அதற்கு உங்களிடம் ரூம் தாராளமாக இருக்கிறது.

‘நாங்கள் தினம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறோம் தெரியுமா’ என்று தம்பி கேட்பார். கேட்கட்டும், அதை எழுதி வைப்போம். ரிசப்ஷனில் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள், பெயர் ‘இல்லை நோட்டு’. ரூம் இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி: போன் வந்த தேதி, அவர் கேட்ட தேதி, எத்தனை ரூம், நாம் சொன்ன வாடகை, போன் நம்பரின் கடைசி நாலு எண், ஏன் போனார். கடைசிக் கட்டம்தான் உயிர். ‘மே 3 சனி, 2 ரூம், 3,800, ஃபுல்’ என்பது ஒரு வகை. ‘மே 3 சனி, ஆறு பேர் ஒரே ரூம் கேட்டார்’ என்பது வேறு வகை. அவருக்குத் தேவை ரூம் அல்ல, கட்டில். ‘மினி பஸ் நிறுத்த இடம் இல்லை’, ‘ரேட் ஜாஸ்தி என்றார்’ என்பவை இன்னும் வேறு. நாலு எண் எதற்கு என்றால், நெரிசல் சனிக்கிழமையில் ஒரே குடும்பம் நேரில் ஒரு தடவை, புரோக்கர் மூலம் ஒரு தடவை, ஆப்பில் பார்த்து ஒரு தடவை என்று மூன்று முறை கேட்கும். அதே குடும்பம் உங்கள் தெருவில் இன்னும் நாலு காட்டேஜுக்கும் போன் போட்டிருக்கும். ஆகவே ஒரே ஆள் திரும்ப வந்த வரிகளை அடித்துவிட்ட பிறகும் ‘ஃபுல்’ என்று போனவர்களில் பாதியைத்தான் உண்மையான இழப்பாக எடுங்கள். அப்படிப் பாதியாக்கிய பிறகு வருஷத்துக்கு 300 ரூம் தேறினால் நாலு ரூமுக்கு வட்டியும் முதலும் கட்டலாம். அதாவது நாலு ரூமும் தேவைப்படும் இரவு 75 வேண்டும். இப்போது நிரம்புவதே 34.

இரண்டாவது நோட்டு முன்பதிவு வேகத்துக்கு. திங்கள்தோறும் காலையில், வரும் எட்டு சனிக்கிழமைகளுக்கும் எட்டு புதன்கிழமைகளுக்கும் இதுவரை எத்தனை ரூம் அட்வான்ஸோடு உறுதியாகியிருக்கிறது என்று எழுதுங்கள். அட்வான்ஸ் வராதது கணக்கில் இல்லை. பத்து நிமிஷ வேலை. போன வருஷக் கணக்கை ஆப்பின் பதிவுத் தேதிகளையும் வங்கியில் அட்வான்ஸ் விழுந்த தேதிகளையும் வைத்துப் பின்னோக்கி எழுதிவிடலாம். ஒருமுறை அலுப்பு, அப்புறம் சொத்து.

ஒப்பிடும்போது தேதிக்குத் தேதி ஒப்பிடாதீர்கள். 2024-இல் புனித வெள்ளி மார்ச் 29. 2025-இல் ஏப்ரல் 18. அந்த வருஷம் தமிழ்ப் புத்தாண்டும் திங்கட்கிழமை வந்ததால் ஏப்ரலில் அடுத்தடுத்து இரண்டு நீண்ட வார இறுதி. ஏப்ரலை ஏப்ரலோடு வைத்துப் பார்த்தவர் ‘ஆஹா, ஏறுது’ என்றிருப்பார். ஏறியது காலண்டர். ரம்ஜானும் வருஷத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. பள்ளித் தேர்வு முடியும் தேதி, தேர்தல் ஆண்டு என்றால் பறக்கும் படை 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருப்பவரைக் கேள்வி கேட்கும் வாரங்கள், இவற்றையும் ஓரத்தில் குறியுங்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, பண்டிகைக்குப் பண்டிகை என்று பொருத்திவிட்டு, தங்கும் நாளுக்கு அதே அளவு நாள் முன்னால் எத்தனை ரூம் உறுதி என்று பாருங்கள். 30 நாள் முன்னால் குறைவாகவும் 5 நாள் முன்னால் சமமாகவும் இருந்தால் ஆள் குறையவில்லை. இ-பாஸ் கிடைத்த பிறகு முடிவெடுக்கிறார்கள், அவ்வளவே. கூட்டத்தில் ‘புக்கிங்கே இல்லை’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் பார்ப்பது இந்தத் தாமதத்தைத்தான். 5 நாள் முன்னாலும் குறைவு என்றால்தான் கவலைப்பட வேண்டும். அதுவும் மூன்று வாரம் தொடர்ந்தால்.

இடையில் அட்வான்ஸ் விதியைத் திருத்திக்கொள்ளுங்கள். பாதி வாடகை யூபிஐயில், கூடவே இ-பாஸ் நகல் வாட்ஸாப்பில், இரண்டும் வந்தால்தான் ரூம் உறுதி. பாஸ் கிடைக்கவில்லை என்று 72 மணி நேரத்துக்கு முன் சொன்னால் முழுப் பணமும் திருப்பி அல்லது தேதி மாற்றம். அதற்குப் பிறகு ஓர் இரவு வாடகை பிடித்தம். இதைப் பணம் வாங்கும்போதே எழுத்தில் அனுப்புங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு ‘பாஸ் இல்லைனு திருப்பி அனுப்புறாங்க, காசைத் திருப்பிக் கொடுங்க’ என்று வரும் போனுக்கு அந்த நேரத்தில் நல்ல பதில் எதுவும் கிடையாது.

பணம் வேறு இடத்தில் கிடக்கிறது. ஆப் வழி வருவதை 55-லிருந்து 40 சதவீதமாக்கினால், அதாவது 188 ரூமை நேரடி புக்கிங்காக மாற்றினால், ஒன்றுக்கு 528 வீதம் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். செங்கல் ஒன்று கூட வைக்காமல். வெளியில் வெளிப்படையாக வாடகையைக் குறைத்துப் போட வேண்டாம், ஆப் ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கலாம், படித்துப் பாருங்கள். ஏற்கனவே வந்து போனவர்தான் உங்கள் இலக்கு. செக்-அவுட் நேரத்தில் காட்டேஜின் நம்பரைச் சேமிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை நேரடியாக அழைத்தால் இரவு சாப்பாடோ, கேம்ப் ஃபயரோ இலவசம் என்று சொல்லுங்கள். கூகுள் மேப்பில் உங்கள் இடத்தின் நம்பர் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய நம்பரோ புரோக்கர் நம்பரோ நிற்பது சகஜம். ஆப் உங்கள் பணத்தில் முன்கூட்டியே பிடிக்கும் வரிகளான டிடிஎஸ், டிசிஎஸ் இரண்டும் உங்கள் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேளுங்கள்.

வார நாட்களுக்குத் தனி வாடகை வையுங்கள். ஞாயிறு இரவு முதல் வியாழன் வரை மூன்று இரவு தங்கினால் ஒன்றுக்கு 1,400, நேரடி புக்கிங்குக்கு மட்டும். 470 செலவு போக 930 நிற்கும். மாதம் ஏழெட்டு ரூம் கூடுதலாகப் போனாலே ஒன்பது மாதத்தில் 60,000 ரூபாய். யாருக்கு விற்பது? பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் புதன்கிழமை வராது. மதுரை, திருச்சி, கோவையில் ஓய்வுபெற்ற தம்பதிகள், லேப்டாப்பில் வேலை செய்பவர்கள், ஞாயிறன்று கடை திறந்து வார நடுவில் விடுமுறை எடுப்பவர்கள் வருவார்கள். லேப்டாப்காரருக்கு மலைக்காட்சியை விட முக்கியம் இன்வெர்ட்டரும் இணைய வேகமும். விளம்பரத்தில் வேகத்தை எண்ணாகப் போடுங்கள், கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் போடுங்கள். இ-பாஸ் கட்டுப்பாட்டில் அரசு பஸ்ஸுக்கு விலக்கு உண்டு. ஆகவே ரயிலில் கொடைரோடு இறங்கி பஸ்ஸில் வருபவருக்கு, நாயுடுபுரம் வரை இறக்கி ஏற்றும் வசதி செய்து கொடுத்தால் உச்சவரம்பு உங்களைத் தொடாது. வயதானவர்கள் இதற்கு மகிழ்ந்து காசு கொடுப்பார்கள்.

அந்த 34 நாள் நெரிசலுக்கும் வழி இருக்கிறது. ‘ஆறு பேர் ஒரே ரூம்’ என்று நோட்டில் அடிக்கடி வந்தால், பெரிய ரூம் இரண்டில் அடுக்குக் கட்டில் போட்டு, குளியலறையில் இன்னொரு வாஷ்பேசின் வைத்துக் குடும்ப ரூமாக்குங்கள். இதற்கு நாலு ரூம் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். இல்லையென்றால் பக்கத்து வீட்டின் இரண்டு ரூமை ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் குத்தகைக்கு எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு 60,000 என்று பேசி, 24 நெரிசல் இரவுகளில் இரண்டும் போனால் 1.27 லட்சம் வரும். சீசன் சரியில்லை என்றால் நஷ்டம் அந்த 60,000-தான். ஏழு வருஷத் தவணை இல்லை. அந்த வீட்டுக்குத் தங்கும் விடுதியாக நடத்த அனுமதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கொடைக்கானலில் அனுமதியில்லாத கட்டடங்களுக்கு சீல் வைத்த கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டக்கானலுக்கு வரும் வெளிநாட்டவர் வழிதவறி உங்களிடம் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும், குத்தகை ரூமானாலும்.

ஒரு வருஷ நோட்டு 300 ரூமைக் காட்டினால் தம்பி மறுபடி வங்கிக்குப் போகட்டும். அப்போதும் முதலில் கட்டட அனுமதி, பிறகு கடன். வரிசை மாறினால் வட்டி ஓடும், வேலை ஓடாது. 28 லட்சத்துக்குக் கட்டுமான காலத்தில் வட்டி மட்டுமே மாதம் 25,600 ரூபாய். மழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை நின்றுபோகும், ஆகவே ஜனவரியில் ஆரம்பிக்கும்படி பணத்தை எடுங்கள். சம தவணைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வருமானம் ஏப்ரல் முதல் ஜூன் வரை வருவதால் அந்தக் காலாண்டில் பெரிய தவணை, மற்ற மாதங்களில் சின்னது என்று கேளுங்கள். தேயிலை, காபிக்காரர்களுக்கு அறுவடையை ஒட்டித் தவணை வைக்கும் கிளை மேனேஜருக்கு இது புரியாத விஷயமல்ல. கடனுக்கு முன், மூன்று மாத நிலையான செலவு 3.75 லட்சம் தனிக் கணக்கில் வைப்புத்தொகையாக இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்துப் பாதையை அடைத்தபோது, கரண்ட்டும் விருந்தினரும் இல்லாத நாட்களிலும் சம்பள நாள் வரத்தான் செய்தது.

கடைசியாக, கை தூக்குவதா என்று கேட்டீர்கள். தூக்கவும் வேண்டாம், கீழே போடவும் வேண்டாம். துண்டுச் சீட்டு கொடுக்கலாமே என்று எழுந்து சொல்லுங்கள். பெயர் இல்லாத சீட்டு. லாட்ஜுக்கு வெள்ளை, டாக்சிக்கு மஞ்சள், கடைக்குப் பச்சை. லாட்ஜ் சீட்டில் மூன்று கேள்வி போதும். உங்களிடம் எத்தனை ரூம். வரும் எட்டு சனிக்கிழமைகளுக்கு இன்றுவரை அட்வான்ஸோடு உறுதியானது எத்தனை. போன வருஷம் இதே நேரத்தில் எத்தனை. ‘எப்படிப் போகும்’ என்ற கேள்வியே வேண்டாம். கூடியவர் எண்ணிக்கையில் குறைந்தவர் எண்ணிக்கையைக் கழித்தால் உங்கள் ஊருக்கென்று ஒரு குறியீடு வந்துவிடும். அதை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஒரே மாதங்களில் எடுத்து, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு மட்டும் வைத்துப் பாருங்கள். வெள்ளைச் சீட்டையும் மஞ்சள் சீட்டையும் சேர்த்து எண்ண மட்டும் விடாதீர்கள்.